கோல்டியைக் கொல்லைப்பக்கமா கொண்டுபோன கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பல்லியை ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகணும். அவ்வளவுதான்.

பல்லிக்குப் பேரு கோல்டி. நான் வச்ச பேரு இல்லை, என் மகன் அன்சாரி வச்சது. அவனும் என் தங்கச்சி ஜமீலா மகன் நிஜாமும் மெட்ராஸ்ல ஒரே ரூம்ல தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்த்தாங்க. சம்பளம் வந்ததும் ஆளுக்கொரு பல்லி வாங்கினாங்க.

சாதாரணப் பல்லி இல்லை. சிறுத்தைப் பல்லியாம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தடிச்ச வால். மனுஷன் மாதிரி கண்ணை மூடி மூடித் திறக்கும். ஆனா சுவர் ஏறத் தெரியாது.

"பல்லியாப் பொறந்துட்டு சுவர் ஏறத் தெரியலைன்னா, அது என்னடா பல்லி?"ன்னு கேட்டேன்.

"அதனாலதான் வாப்பா விலை ஜாஸ்தி"ன்னான்.

அப்புறம் அன்சாரிக்கு துபாய்ல வேலை கிடைச்சுது. நிஜாமுக்கு தோஹாவுல. ஆளுங்க பிளேன் ஏறிப் போயிட்டாங்க. பல்லிங்க பஸ் ஏறி அதிராம்பட்டினம் வந்துச்சுங்க. கோல்டி என் வீட்டுக்கு. நிஜாமோட பல்லி டைகர், என் தங்கச்சி வீட்டுக்கு.

நான் நாற்பது வருஷம் பஜார்ல தவிடு, புண்ணாக்கு வித்தவன். மூட்டையில ஒரு புழு நெளிஞ்சா எனக்கு அன்னைக்குத் தூக்கம் வராது. மூட்டையை வெயில்ல கொட்டி, சலிச்சு, கோழிக்குப் போட்டுட்டுத்தான் மறுவேலை. இப்போ அதே புழுவை நானே வளர்க்குறேன். பால் பவுடர் டப்பாவுல தவிடு போட்டு, மேல மூடியில ஆணியால ஓட்டை போட்டு, "நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு"ன்னு புழுவுக்குக் கேரட் நறுக்கிப் போடுறேன். கோல்டி புழு இல்லாம வாய் திறக்க மாட்டா.

ஆமா, 'திறக்க மாட்டா'ன்னுதான் சொல்லுவேன். கோல்டி பொண்ணுன்னு அன்சாரி சொன்னான். டைகர் ஆணாம்.

ஒரு நாள் அன்சாரி வீடியோ கால்ல வந்தான். "வாப்பா, கோல்டிக்கு மூணு வயசு ஆச்சு. டைகரோட சேர்த்து வச்சா முட்டை போடும். குட்டி வந்தா நாங்க ரெண்டு பேரும் இங்கேருந்து போன்லயே பார்த்துக்குவோம்."

"உனக்கு முப்பது ஆகுது. கல்யாணத்துக்கு வாடான்னா லீவு இல்லேங்குற. பல்லிக்கு என்னடா அவசரம்?"

"அதுக்கு லீவு வேணாம் வாப்பா."

இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. டைகர் இருக்கிற வீட்டுக்கு நான் போறதில்லை. பதினோரு வருஷமா போறதில்லை.

காரணம் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க ஊர் விருந்துல சஹன்னு ஒரு பெரிய தட்டு வைப்பாங்க. அதைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்து ஒண்ணா சாப்பிடணும். யார் பக்கத்துல உட்கார வைக்கிறாங்கங்கறதுலதான் மரியாதை இருக்கு. ஜமீலா மூத்த மகள் கல்யாணம். நான் தாய்மாமன். ஜமீலா புருஷன், அதாவது என் மச்சான், என்னை எங்க உட்கார வச்சாரு தெரியுமா? மைக் செட்காரர், வேன் டிரைவர், ஜெனரேட்டர்காரர். நாலாவது ஆள் நான்.

அவங்க மூணு பேரும் நல்லவங்கதான். வேன் டிரைவர் இன்னைக்கும் வழியில பார்த்தா வண்டியை நிறுத்தி சலாம் சொல்லுவாரு. ஜெனரேட்டர்காரர் மட்டும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடிப்போய் டீசல் ஊத்திட்டு, கையைக் கைலியில துடைச்சுக்கிட்டு அதே சஹன்ல வந்து உட்கார்ந்தாரு. பிரியாணி நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். கடைசிப் பக்கம் கொஞ்சம் டீசல் வாடை.

அன்னைக்கே சொல்லிட்டேன். "இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். இந்த ஆளைப் பார்த்து 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மச்சானும் சளைச்ச ஆளு இல்லை. "மிதிச்சா பார்ப்போம்"னு சொல்லிட்டாரு.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க பக்கம் வீடு பொம்பளைப் புள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பான். அப்படித்தான் நான் என் பொண்டாட்டி மர்யம் வீட்டுக்கு வந்தேன். அப்படித்தான் மச்சான் எங்க வாப்பா கட்டின வீட்டுக்கு வந்தாரு. அதாவது, நான் மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்டது நான் பொறந்த வீட்டு வாசப்படியை. அந்த ஆளு அதை முப்பத்திரண்டு வருஷமா ஒரு நாளைக்குப் பத்து தடவை மிதிக்கிறாரு. எனக்கு எரியுமா எரியாதா?

அதனால அன்சாரிகிட்ட ஒரே பேச்சாச் சொல்லிட்டேன். "ஊர் வழக்கம் என்ன? மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். டைகரை இங்க அனுப்பச் சொல்லு."

"வாப்பா, பல்லிக்கு அப்படி இல்லை. ஆண் இருக்கிற இடத்துக்குத்தான் பெண்ணைக் கொண்டுபோகணும். இடம் மாறினா ஆண் மிரண்டுடும்."

"நான் கூடத்தான் இடம் மாறி வந்தேன். மிரண்டா போனேன்?"

உள்ளேருந்து மர்யம் சிரிச்சா. என்னத்துக்குச் சிரிச்சான்னு நான் கேக்கலை.

அன்சாரி நிஜாமுக்குச் சொல்ல, நிஜாம் அவன் வாப்பாவுக்குச் சொல்ல, மச்சான் பதிலை ஜமீலா போன்ல எனக்குச் சொன்னா. எங்க பக்கம் அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. "காக்கா, இவங்க சொல்றாங்க. பசுவைத்தான் காளைகிட்ட ஓட்டிக்கிட்டுப் போவாங்களாம். காளையை யாரும் வீடு வீடா கூட்டிக்கிட்டு அலையறதில்லையாம்."

மாட்டுத்தீவனம் வித்தவன்கிட்ட மாட்டைப் பத்திப் பேச வந்துட்டாரு. "சினை ஊசி போடுற டாக்டர் சைக்கிள்ல வீட்டுக்கே வந்து முப்பது வருஷம் ஆச்சுன்னு சொல்லு"ன்னேன்.

இப்படியே மூணு வாரம் போச்சு. கோல்டிக்கு முட்டை வைக்க இடம் வேணும்னு மர்யம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல ஈர மணல் போட்டு வச்சிருந்தா. முட்டை வலுவா இருக்கணும்னு வயல் வரப்புல பசேல்னு இருக்கிற வெட்டுக்கிளியாப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டு வரச் சொன்னா. அறுபத்தி மூணு வயசுல நான் துண்டை விரிச்சுக்கிட்டு வரப்புல குதிச்சதை நடவு நட்ட பொம்பளைங்க வேலையை நிறுத்திட்டுப் பார்த்தாங்க.

கடைசியில ஜமீலாதான் வழி சொன்னா.

"காக்கா, வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"கொல்லைப்பக்கமா வாங்க. கொல்லை வாசலுக்குப் படியே கிடையாது. கொல்லையில வச்சுச் சேர்த்துட்டு அப்படியே போயிடுங்க. வீட்டுக்குள்ள வர வேணாம்."

யோசிச்சுப் பார்த்தேன். சபதத்துல ஓட்டை இருக்கலாம், ஆனா அது எனக்குச் சாதகமான ஓட்டை. சரின்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கிளம்பினேன். கோல்டியை ஓட்டை போட்ட டப்பாவுல வச்சு, மேல ஈரத்துண்டைச் சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்.

கொல்லைப்பக்கம் போகணும்னா பின்சந்து வழியா போகணும். அந்தச் சந்து பொம்பளைங்க ஒரு வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் வர்ற சந்து. ஆம்பளைங்க அதுல போறதில்லை. அவசரத்துக்குப் போகணும்னா செருமிக்கிட்டே போகணும். சத்தம் கேட்டு அவங்க உள்ளே ஒதுங்குவாங்க.

செருமினேன். பத்தடி போய்ச் செருமினேன். மறுபடியும் செருமினேன். நாலு வீடு தாண்டுறதுக்குள்ள நிஜமாவே இருமல் வந்துடுச்சு.

ஒரு கதவுக்குப் பின்னாலேருந்து ஒரு பெரியம்மா குரல். "யாரு அது, இந்த இருமு இருமுறது?"

இன்னொரு குரல். "ஜமீலாவோட காக்கா."

"ஏன், அந்த வீட்டுக்கு வாசல் இல்லையா?"

"அவருக்கு இல்லையாம்."

ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நான் நடையை எட்டிப் போட்டேன். பெரியம்மா விடலை. "தம்பி, நெஞ்சோட என்ன அணைச்சுக்கிட்டுப் போறே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில வரலை. "பல்லி"ன்னேன்.

கதவு ஒரு விரக்கடை திறந்து மூடிச்சு. அப்புறம் கேட்டாங்க. "எங்க வீட்டுல நாலு இருக்கு. அதையும் எடுத்துக்கிட்டுப் போறியா?"

ஒரு வழியா ஜமீலா கொல்லைக்கு வந்து சேர்ந்தேன். அவ எல்லாம் தயாரா வச்சிருந்தா. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு பெரிய நீலக்கலர் பிளாஸ்டிக் டப், அதுல பழைய துணி விரிச்சிருந்துச்சு. கையில போன். போன்ல அன்சாரி. அந்தப் பக்கம் மீன் ஆயுற கல்லு மேல ஒரு சாம்பல் பூனை, எனக்கென்னன்னு உட்கார்ந்திருந்துச்சு.

மச்சான் கொல்லைக்கு வரலை. சமையல்கட்டு ஜன்னலுக்கு உள்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். நடுவுல மூணடி.

"ஜமீலா, வந்தவரை உக்காரச் சொல்லு."

"ஜமீலா, நான் உக்கார வரலைன்னு சொல்லு."

"ஜமீலா, நின்னா மூட்டு வலிக்கும்னு சொல்லு. வயசாகுதுல்ல."

"ஜமீலா, என்னைவிட அவருக்கு ரெண்டு வயசு கூடன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"ன்னு ஜமீலா கேட்டா.

மச்சான் மடியில டைகர் இருந்துச்சு. புது இடத்துல கோபம் வராம இருக்க, முன்னாடியே வயிறு நிறைய கொடுக்கணுமாம். ஒரு டப்பாவைத் திறந்து புழு எடுத்துக் கொடுத்தாரு.

நான் டப்பாவைப் பார்த்தேன். பால் பவுடர் டப்பா. மூடியில ஆணி ஓட்டை. அந்த ஓட்டையை நான்தான் போட்டேன். ஒரு ஓட்டை கோணலாப் போகும், எனக்கு இடது கைப் பழக்கம்.

"ஜமீலா, அந்த டப்பா எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு."

கேக்க வேண்டிய தேவை இல்லாம ஜமீலாவே சொல்லிட்டா. "மர்யம் மச்சி வாராவாரம் கொடுத்து விடுவாங்க காக்கா. உங்க புழுதான் நல்லாக் கொழுகொழுன்னு இருக்குன்னு இவங்க சொல்லுவாங்க."

அதாவது எதிரி வீட்டுப் பல்லிக்கு இத்தனை நாளா நான் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கேன். கேரட் நறுக்கினது நான். என் வீட்டுலேருந்து சந்து வழியா சப்ளை நடந்திருக்கு, எனக்குத் தெரியலை. இதுல அந்தாளு பாராட்டு வேற.

திரும்பிப் போயிடலாமான்னு யோசிச்சேன். ஆனா மறுபடியும் அந்தச் சந்துல இருமணும். நின்னுட்டேன்.

மச்சான் டைகரை ஜன்னல் கம்பி வழியா நீட்டினாரு. ஜமீலா வாங்கி டப்புல விட்டா. நான் கோல்டியை இந்த ஓரத்துல விட்டேன்.

"வாப்பா, கவனமாப் பாருங்க," அன்சாரி போன்லேருந்து சொன்னான். "ஆண் மட்டும் வால் நுனியைக் கிலுகிலுன்னு ஆட்டினா நல்லது. ஆனா ரெண்டும்..."

அதோட நெட் நின்னுடுச்சு. அன்சாரி வாயைத் திறந்தது திறந்தபடி அப்படியே உறைஞ்சுட்டான்.

டப்புல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சுங்க. டைகர் நாலு காலையும் நிமிர்த்தி எழுந்துச்சு. கோல்டியும் எழுந்துச்சு. டைகர் முதுகை வளைச்சுது. கோல்டியும் வளைச்சுது. அப்புறம் ரெண்டும் மெதுவா, பந்தாவா, வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிச்சுங்க.

மச்சான் கம்பியில முகத்தை வச்சுக்கிட்டுப் பார்த்தாரு. "ஒத்துப்போச்சு"ன்னாரு.

"ஆமா, ஒத்துப்போச்சு"ன்னேன்.

பதினோரு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே அபிப்பிராயம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் தப்பு.

நெட் வந்துச்சு. "பிரிங்க வாப்பா, பிரிங்க, பிரிங்க"ன்னு அன்சாரி கத்துறான். அதுக்குள்ள கோல்டி பாய்ஞ்சுடுச்சு. டைகர் திரும்பி ஓடப் பார்த்துச்சு. கோல்டி வாயில டைகர் வால். ஒரு உதறல். வால் தனியா வந்துடுச்சு.

வந்த வால் சும்மா கிடக்கலை. டப்புக்குள்ள தனியாத் துள்ளுது, புரளுது, எகிறுது. டைகருக்கே இல்லாத சுறுசுறுப்பு அந்த வாலுக்கு.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். எங்க வீட்டுப் பொண்ணு, அவங்க வீட்டு மாப்பிள்ளையை ஒரே கடியில... சரி, அது பாவம். ஆனா சந்தோஷமா இருந்துச்சு.

அந்தச் சந்தோஷம் மூணு விநாடிதான். எனக்கென்னன்னு உட்கார்ந்திருந்த பூனை, துள்ளுற வாலைப் பார்த்துட்டு, கல்லு மேலேருந்து நேரா டப்புக்குள்ள குதிச்சுது. டப் கவிழ்ந்துச்சு. பூனை வாலைக் கவ்விக்கிட்டு மதில் ஏறிடுச்சு. டைகர், வால் இல்லாத டைகர், கொல்லை மூலையில இருந்த தென்னமட்டைக் குவியலுக்குள்ள ஓடிடுச்சு. கோல்டி திறந்து கிடந்த கொல்லைக்கதவு வழியா வீட்டுக்குள்ள ஓடிடுச்சு.

"டைகர்"னு மச்சான் உள்ளேருந்து வெளியில ஓடி வந்தாரு.

"கோல்டி"ன்னு நான் வெளியிலேருந்து உள்ளே ஓடினேன்.

நிலைவாசல்ல ரெண்டு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டோம். மன்னிப்புக் கேக்க நேரமில்லை. ஜமீலா சொன்னது சரிதான், அங்க படி கிடையாது. ஆனா மேல நிலை இருந்துச்சு. குனியணும்ங்கறதை மறந்துட்டேன். நெத்தியில நங்குன்னு விழுந்துச்சு.

பின்னாலேயே ஜமீலா உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டா. "பூனை திரும்பி வந்து உள்ள நுழைஞ்சுடும் காக்கா. கோல்டி கிடைக்கிற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது."

அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் எனக்கு நிலைமை விளங்குச்சு. மிதிக்க மாட்டேன்னு சொன்ன வீட்டுக்குள்ள, நடுக்கூடத்துல, கட்டிலுக்கு அடியில, நான் குப்புறப் படுத்துக் கிடக்கேன். மிதிக்கலைதான். தவழ்ந்துதான் போனேன்.

கட்டிலுக்கு அடியில நிஜாம் லீவுல வந்தப்போ விட்டுட்டுப் போன பெரிய சூட்கேஸ், அதுல ஏர்போர்ட் சீட்டு இன்னும் தொங்குது. அதுக்குப் பின்னால ரெண்டு கண்ணு. மூடுது, திறக்குது.

மேல கட்டில் கிறீச்சுன்னுச்சு. ஜமீலா உட்கார்ந்திருக்கா. எனக்கு அவ கால் மட்டும்தான் தெரியுது.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. நல்லா இருக்கீங்களா காக்கா?"

"நேத்துக்கூட போன்ல பேசினியே."

"அது போன்ல. வீட்டுக்கு வந்தவங்களைக் கேக்கணும்ல."

"நான் வரலை. பல்லி பிடிக்கிறேன்."

"பிடிங்க, பிடிங்க. மெதுவாப் பிடிங்க. டீ போடவா?"

கொஞ்ச நேரம் யோசிச்சேன். தொண்டை அந்தச் சந்துலயே வறண்டு போச்சு. "சீனி கம்மியா"ன்னேன்.

அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில அந்தப் பால் பவுடர் டப்பாவிலேருந்து ஒரு புழுவை எடுத்து நீட்டித்தான் கோல்டியை வெளியில வரவழைச்சேன். அப்படியே ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள்ள போட்டாச்சு.

ஜமீலா போனைக் காட்டினா. அன்சாரி முகம் வாடிப்போயிருந்துச்சு. "வாப்பா, பாட்டிலைத் தூக்கி அடிப்பக்கம் காட்டுங்க. பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல."

"அதையெல்லாம் எதுக்குடா பார்க்கணும்?"

"காட்டுங்க வாப்பா."

காட்டினேன். கூரை போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்சு ஒரு புள்ளி வரிசை இருந்துச்சு. இத்தனை நாள் அது அழகுக்கு இருக்குன்னு நினைச்சிருந்தேன்.

அன்சாரி மறுபடியும் அப்படியே உறைஞ்சுட்டான். நெட் போயிடுச்சோன்னு பார்த்தேன். போகலை.

"வாப்பா, அது ஆண்."

"எது?"

"கோல்டி."

"பொண்ணுன்னு சொன்னியேடா?"

"கடையில சொன்னாங்க வாப்பா. நாங்க திருப்பிப் பார்க்கலை."

மூணு வாரம் நான் ஊர் வழக்கம் பேசியிருக்கேன். மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும்னு ஒத்தைக்கால்ல நின்னிருக்கேன். முட்டைக்கு வலு வேணும்னு வரப்பு வரப்பாக் குதிச்சிருக்கேன். ஈர மணல் இன்னும் வீட்டுல காத்துக்கிட்டு இருக்கு. கோல்டி பாட்டிலுக்குள்ளேருந்து என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்துச்சு.

ஜமீலா அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டே சொன்னா. "ரெண்டு ஆம்பளைங்களை ஒரே இடத்துல விட்டா என்ன ஆகும்னு என்னைக் கேட்டிருந்தா, முன்னாடியே சொல்லியிருப்பேனே."

நான் நெத்தியைத் தடவிக்கிட்டேன்.

அப்பதான் கொல்லைக்கதவைத் தட்டுற சத்தம். ஒரு தடவை. ரெண்டு தடவை.

"காக்கா, கொஞ்சம் திறங்க. பால் பொங்குது, நான் நகர முடியாது."

போய்த் தாழை எடுத்துக் கதவைத் திறந்தேன். வெளியில ஒரு ஆள் நிக்கிறாரு. உடம்பெல்லாம் வேர்வை, தலையில தென்னஞ்சருகு, முழங்கையில சிராய்ப்பு, மடிச்சுக்கட்டின கைலியில ஏதோ ஒண்ணைப் பொத்திப் பிடிச்சிருக்காரு. வெயில்ல முகம் சிவந்து போயிருக்கு.

வாசல்ல ஒரு ஆள் அப்படி வந்து நின்னா எங்க ஊர்ல யாரா இருந்தாலும் ஒரு வார்த்தைதான் சொல்லுவோம். அது யோசிச்சுச் சொல்ற வார்த்தை இல்லை. வாய் தானாச் சொல்லும்.

"வாங்க"ன்னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டுச்சு. ஒரு மணி நேரத்துல சபதம் ரெண்டும் போச்சு.

மச்சான் என்னைப் பார்த்தாரு. "என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே வாங்கன்னு சொல்றீங்க."

"எங்க வாப்பா கட்டின வீடு. சொல்லுவேன்."

"அப்ப நான் உள்ள வரட்டுமா, வேணாமா?"

"அதைத்தானே சொன்னேன்."

சமையல்கட்டுலேருந்து ஜமீலா குரல் கொடுத்தா. "வீடு என் பேர்ல இருக்கு. ரெண்டு பேரும் கால் கழுவிட்டு வந்து உக்காருங்க."

கழுவிட்டு உக்கார்ந்தோம்.

மச்சான் கைலி மடிப்பைத் திறந்து டைகரைக் காட்டினாரு. வால் இருந்த இடத்துல ஒரு சின்ன மொட்டு. என்னதான் எதிரி வீட்டுப் பல்லின்னாலும், என் புழுவைத் தின்னு வளர்ந்தது. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"வலிக்குமா அதுக்கு?"ன்னு நேராவே அவரைக் கேட்டேன். ஜமீலாவைக் கேக்கச் சொல்லலை.

"தெரியலை மச்சான். பையன்கிட்ட கேக்கணும்"னாரு. அப்புறம் என் நெத்தியைப் பார்த்து, "உங்களுக்கு?"ன்னாரு.

"கொஞ்சம்."

டீ வந்துச்சு. குடிச்சோம். சீனி கம்மியாத்தான் இருந்துச்சு. கிளம்பும்போது நான் கொல்லைப்பக்கம் திரும்பினேன். மச்சான் முன்வாசல் கதவைத் திறந்துவிட்டுட்டு ஒதுங்கி நின்னாரு. பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கி வந்தேன். வெளியில வர்றதுக்கு மிதிக்க மாட்டேன்னு நான் சொன்னதில்லையே.

இது நடந்து நாலு மாசம் ஆகுது. டைகருக்கு வால் திரும்ப முளைச்சிருக்கு, குட்டையா, முள்ளங்கி மாதிரி. மச்சானே வாராவாரம் வந்து புழு வாங்கிக்கிட்டுப் போறாரு. நானும் போய் வால் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்த்துட்டு வர்றேன்.

கோபம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. போகலை. பத்திரமா இருக்கு. முன்னாடி வீட்டுல உட்கார்ந்து கோபமா இருந்தேன், இப்போ அவர் வீட்டுல டீ குடிச்சுக்கிட்டே கோபமா இருக்கேன்.

யாரோடயாவது பேச மாட்டேன்னு வீம்பா இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஏதாவது வளர்க்கணும்னு ஆசை இருந்தா மீன் வளருங்க, அது தொட்டியை விட்டு இறங்கி யார் வீட்டுக்குள்ளயும் ஓடாது.